ஆறு தொகுதி, நாலு எம்.பி.

எனக்கு ஓட்டு ஆலங்குடியில். தம்பிக்கு அறந்தாங்கியில். மகளைக் கட்டிக்கொடுத்தது விராலிமலைப் பக்கம். சின்னவன் புதுக்கோட்டை டவுன்வாசி. எல்லோரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் 2009இல் நான் சிவகங்கை எம்.பி.க்கும், தம்பி ராமநாதபுரத்துக்கும், மகள் கரூருக்கும், சின்னவன் திருச்சிக்கும் ஓட்டுப் போட்டோம். 1952 முதல் இருந்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி, 1962இலும் 1967இலும் கம்யூனிஸ்ட் தலைவர் உமாநாத்தை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி, 2008 மறுவரையறையில் இல்லாமல் போயிருந்தது.

கோடு போட்டது நீதிபதி குல்தீப் சிங் ஆணையம். ஆணையம் கோடு போடும் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குத் தொகுதி பிரித்தது குடியரசுத் தலைவரின் உத்தரவு. நாடாளுமன்றக் குழுக்களைக் கலந்துதான் வரைவு தயாரானது, திருத்தும் அதிகாரமும் நாடாளுமன்றத்துக்கே இருந்தது. தேர்தலில் நிற்கப்போகிறவர்களே வரப்பு வெட்டினால் அண்டை வயலுக்கு நியாயம் கிடைக்குமா? இனி இதைச் சுயேச்சையான ஆணையம் செய்யட்டும் என்று தேர்தல் ஆணையமே சொன்னது. 1952இல் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். சந்திரசேகர ஐயர் முதல் தலைவர். பிறகு 1963, 1973, 2002 என மூன்று ஆணையங்கள்.

இவற்றின் உத்தரவே முடிவு. உஜ்ஜைன் தனித்தொகுதி ஆனதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி போட்ட வழக்கில், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் சரியே, இல்லையென்றால் ஒவ்வொரு தேர்தலும் கோர்ட்டு வாசலில் நின்றுவிடும்.

என் வருத்தம் கணக்கில்தான். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எங்கள் மாவட்டத்துக்கு அதே ஆணையம் கொடுத்ததும் சரியாக ஆறு: கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. 2001 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம், மாநிலத்தில் ஒரு எம்.பி.க்குச் சராசரி 16 லட்சம். இந்த வித்தியாசத்துக்காகவா ஆறையும் நாலு பக்கம் பங்கு வைக்க வேண்டும்?

சட்டப்படி, முடிவெடுக்கும் முன் ஆணையம் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். இறுதி உத்தரவு வந்தபின் முறையிட இடம் மிகக் குறைவு. அடுத்த ஆணையம் கருத்துக் கேட்கும் நாளில், புதுக்கோட்டைக்காரர்களே, கட்சி பார்க்காமல் போய் நில்லுங்கள். ஆறையும் சேர்த்துக் கேளுங்கள்.