பிரிண்டர் மை தீர்ந்துபோச்சா? வீட்டிலேயே நிரப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கலர் பிரிண்டரை மலிவாக வாங்கிவிடலாம். செலவே அதற்குப் பிறகுதான்.

இரண்டு, மூன்று முறை கார்ட்ரிட்ஜ் மாற்றினால் பிரிண்டர் விலையை எட்டிவிடும் என்ற புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிரிண்டரைக் குறைந்த விலையில் விற்று, மையில் லாபம் பார்ப்பது இந்தத் துறையின் பழைய வியாபார முறை.

அதனால்தான் பலரும் ஊசியும் மைபாட்டிலும் வாங்கி வீட்டிலேயே நிரப்பப் பார்க்கிறார்கள். சிலருக்குப் பணம் மிச்சம். சிலருக்கோ மேசை முழுக்க மை, பிரிண்டரும் வீண்.

வித்தியாசம் எங்கே? கைப்பக்குவத்தைவிட, உங்களிடம் இருப்பது எந்த வகைக் கார்ட்ரிட்ஜ், மாதம் எத்தனை பக்கம் அச்சிடுகிறீர்கள் என்ற இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது.

முதல்ல, உங்க கார்ட்ரிட்ஜ் எந்த வகை?

இங்க்ஜெட் பிரிண்டர், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துளைகள் வழியே மையைத் தாளில் தெளிக்கிறது. அந்தத் துளைகள் இருக்கும் பாகத்தை பிரிண்ட் ஹெட் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

*கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் வகை:* ஹெச்பி, கேனன் நிறுவனங்களின் விலை குறைந்த பிரிண்டர்களில் பெரும்பாலும் இரண்டே கார்ட்ரிட்ஜ்கள்: ஒன்று கறுப்பு, இன்னொன்று கலர். கலர் கார்ட்ரிட்ஜுக்குள் சயான் (நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள் ஆகிய மூன்று மைகளுக்கும் தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் மையை உறிஞ்சி வைத்திருக்கும் ஸ்பாஞ்ச். கார்ட்ரிட்ஜைத் திருப்பினால் செம்பு நிறப் புள்ளிகளும், அடியில் ஒரு சிறிய உலோகத் தகடும் தெரியும். வீட்டில் ரீஃபில் செய்ய ஏற்ற வகை இதுதான். தவறு நடந்தாலும் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜோடு போய்விடும்; பிரிண்டர் தப்பிக்கும்.

*பிரிண்டருக்குள் இருக்கும் வகை:* எப்சன், பிரதர் பிரிண்டர்களிலும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கார்ட்ரிட்ஜ் உள்ள கேனன் பிரிண்டர்களிலும் பிரிண்ட் ஹெட் இயந்திரத்தோடு இருக்கும். கார்ட்ரிட்ஜ் வெறும் மைப்பெட்டி. இங்கே தவறான மை ஊற்றி ஹெட் அடைத்துக்கொண்டால், பழுது பார்க்கும் செலவு புதிய பிரிண்டர் விலைக்கு வந்துவிடலாம். பல மாடல்களில் மை அளவைக் கணக்கு வைக்கும் சிப்பும் உண்டு. மை நிரப்பினாலும் சிப் "காலி" என்றே சொல்லும். அதை ரீசெட் செய்யத் தனிக் கருவி தேவை.

*டேங்க் வகை:* பாட்டிலிலிருந்து நேராக ஊற்றும் வகை. ரீஃபில் செய்வதற்கென்றே உருவானது, ஊசி தேவையில்லை. எப்சன் இதை முதன்முதலில் 2010இல் நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே பலர் சாதாரண பிரிண்டரில் வெளியே மைத் தொட்டியும் குழாயும் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த நிறுவனம் அதையே தயாரிப்பாக்கியது.

உண்மையிலேயே காசு மிச்சமாகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே உள்ளவை உதாரண எண்கள் மட்டுமே. உங்கள் கார்ட்ரிட்ஜ் விலையையும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கலர் கார்ட்ரிட்ஜ் விலை 30 வெள்ளி, 150 பக்கம் அச்சிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 20 காசு.

மூன்று நிற ரீஃபில் மை 20 வெள்ளி. அதே கார்ட்ரிட்ஜை 4 முறை நிரப்பினால் மொத்தச் செலவு 50 வெள்ளி, மொத்தம் 750 பக்கம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 6.7 காசு. மூன்றில் ஒரு பங்கு!

ஆனால் ஒரே ஒரு முறை நிரப்பியதும் கார்ட்ரிட்ஜ் கெட்டுப்போனால்? 50 வெள்ளிக்கு 300 பக்கம். அதாவது 16.7 காசு. மிச்சம் 3 காசுதான். அதற்கு ஒரு மணி நேர வேலையும் கறை படிந்த விரல்களும் தேவையா?

ஆக, அடிக்கடி அச்சிடுவோருக்குத்தான் ரீஃபில் லாபம். மாதம் 5 பக்கம் மட்டும் அச்சிடுகிற வீட்டில் 150 பக்கக் கார்ட்ரிட்ஜ் இரண்டரை ஆண்டு ஓடவேண்டும். அதற்குள் மை துளைகளிலேயே காய்ந்துவிட நல்ல வாய்ப்புண்டு.

இன்னொன்று. பெட்டியில் இருக்கும் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் ஐஎஸ்ஓ 24711 என்ற அனைத்துலகத் தரப்படி அளக்கப்படுவது. குறிப்பிட்ட சில சோதனைப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எண்ணுவார்கள். பக்கம் முழுக்கப் படம் அச்சிட்டால் அந்த எண்ணிக்கை வராது. விட்டு விட்டு அச்சிடும்போது பிரிண்டர் தன்னைத் தானே சுத்தம் செய்வதற்கும் மை செலவாகும்.

சரி, எப்படி நிரப்புவது?

இது ஹெட்டோடு கூடிய மூன்று நிறக் கார்ட்ரிட்ஜுக்கான முறை.

1. முழுசாகத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். நிறம் மங்க ஆரம்பித்ததுமே நிரப்புங்கள். ஹெச்பி, கேனன் பிரிண்டர்கள் மையைச் சூடாக்கித் தெளிப்பவை. மை இல்லாமல் ஓட்டினால் ஹெட்டே எரிந்துபோகலாம். ஸ்பாஞ்ச் காய்ந்துவிட்டால் மறுபடி மையைச் சரியாக உறிஞ்சாது.

2. மாடல் எண்ணைச் சொல்லி மை வாங்குங்கள். கலர் மை பெரும்பாலும் டை வகை, அதாவது நீரில் கரைந்த சாயம். கறுப்பு மை பல மாடல்களில் பிக்மென்ட் வகை, அதாவது நுண்ணிய துகள்கள் கலந்தது. இரண்டையும் கலந்தால் துளை அடைத்துக்கொள்ளும்.

3. பழைய செய்தித்தாளை விரித்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜின் மேலே இருக்கும் ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்தால் சிறிய துளைகள் தெரியும்.

4. எந்தத் துளை எந்த நிறம்? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாடலுக்கு மாடல் வரிசை மாறும். ஒவ்வொரு துளையிலும் ஒரு புதிய பல்குச்சியை விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். நிறம் தெரிந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

5. ஒரு நிறத்துக்கு ஓர் ஊசி. மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். இந்தச் சிறிய அறைகள் சில மில்லிலிட்டர் மைதான் கொள்ளும். துளையின் வாயில் மை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் திரும்ப உறிஞ்சி எடுங்கள். நிரம்பி வழிந்தால் பக்கத்து அறைக்குள் போய் மஞ்சள் பச்சையாகிவிடும்.

6. மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். காற்று போக வழி இருக்கட்டும். முழுக்க அடைத்தால் மை கீழே இறங்காது.

7. லேசாக ஈரமாக்கிய டிஷ்யூ தாளில் கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதியைச் சில விநாடி ஒற்றி எடுங்கள். மூன்று நிறப் பட்டைகளும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. தேய்க்க வேண்டாம்.

8. பிரிண்டரில் பொருத்தி, நாஸல் செக் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். கோடுகள் விட்டுப்போயிருந்தால் ஒன்று அல்லது இரண்டு முறை கிளீனிங் கொடுக்கலாம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஊற்றிய மை எல்லாம் பிரிண்டருக்குள் இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குத்தான் போகும்.

"மை இல்லை"ன்னு இன்னும் சொல்லுதே?

பயப்பட வேண்டாம். இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் பிரிண்டர் மையை நேரில் பார்ப்பதில்லை. தெளித்த துளிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. நீங்கள் நிரப்பியது அதற்குத் தெரியாது.

கேனன் மாடல்கள் பலவற்றில் ஸ்டாப் பொத்தானை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கையை நிறுத்தலாம். ஹெச்பியில் பொதுவாக ஓகே கொடுத்துத் தொடரலாம். ஆனால் அதற்குப் பிறகு மை எவ்வளவு இருக்கிறது என்று பிரிண்டர் சொல்லாது. நிறம் மங்குகிறதா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கம்பெனி தடுக்க முடியுமா?

2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பலவற்றில் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்கள் திடீரென வேலை செய்யாமல் போயின. மென்பொருள் வழியாக வந்த தடை அது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். அசல் சிப் அப்படியே இருக்கும் ரீஃபில் கார்ட்ரிட்ஜ்களை இந்த ஏற்பாடு தடுக்காது என்கிறது ஹெச்பி. உங்கள் சொந்தக் கார்ட்ரிட்ஜையே நிரப்புவதில் இருக்கும் சாதகம் இது.

சட்டம் என்ன சொல்கிறது? லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் டோனர் கார்ட்ரிட்ஜ்களை மறுபடி நிரப்பி விற்றவர்கள்மீது காப்புரிமை வழக்குப் போட்டது. ஒரு முறை விற்ற பொருள்மீது அப்படிக் காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அமெரிக்கச் சட்டம், சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விவாதத்தில் முக்கியமான தீர்ப்பு.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது உத்தரவாதத்தை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம், வாங்கும்போதே பொருளில் இருந்த குறைபாட்டுக்குத்தான் பாதுகாப்பு தருகிறது. நீங்கள் ஊற்றிய மை கசிந்து வந்த பழுது அதில் சேராது. புதிய பிரிண்டர் என்றால், உத்தரவாத அட்டையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

மாதம் சில பக்கம் மட்டும்தானா? பொது நூலகத்திலோ, சன்ஷைன் பிளாசா போன்ற இடங்களில் இருக்கும் அச்சுக் கடைகளிலோ அச்சிடுவது மலிவாகவே முடியும். மையும் காயாது.

பல ஆண்டு வைத்துக்கொள்ள வேண்டிய குடும்பப் படங்களா? மலிவான ரீஃபில் மை சீக்கிரம் நிறம் மங்கலாம். அசல் மையே நல்லது.

வாரம் முழுக்கப் பயிற்சித்தாள் அச்சிடும் வீடா? ஊசியோடு போராடுவதைவிட, அடுத்த பிரிண்டரை டேங்க் வகையாக வாங்குவதை யோசியுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பக்கக் கணக்கில் ஈடாகிவிடும்.

இடைப்பட்டவர்களுக்கு ரீஃபில் கைகொடுக்கும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சிடுங்கள். துளைகள் காயாமல் இருக்கும். பிரிண்டரைச் சுவரில் அணைக்காதீர்கள், அதன் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் சரியாகப் போய் உட்காரும்.

அப்படியும் பிரிண்டர் கெட்டுவிட்டால் குப்பைக் குழாய்ப் பக்கம் விட்டுவிட்டு வராதீர்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவுத் திட்டத்தில் பிரிண்டரும் அடக்கம். புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடையிடம் பழையதை எடுத்துப்போகச் சொல்லலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. காலிக் கார்ட்ரிட்ஜை மறுபயனீட்டுத் தொட்டியில் போடுவதற்குமுன், அங்கே ஒட்டியிருக்கும் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.