ஒரே வீட்டின் பல வாசல்கள்

மேலூர்த் தொகுதிக்குட்பட்ட கொட்டாம்பட்டியில் கட்சிக்காரர் கையிலிருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, வீட்டு எண் உண்டு; சாதி இல்லை. எந்தத் தெரு எவருடையது என்பது அவர் நினைவில் இருப்பது. அவ்வகை நினைவைக் காசாக்கும் தொழிலின் வரலாற்றை இங்கே சிறிது பார்ப்போம்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் தாய் நிறுவனம் எஸ்.சி.எல். 2018 மார்ச்சில் கிறிஸ்டோபர் வைலி வெளியிட்ட ஆவணங்களின்படி, அது 2010இல் பீகாரில் ஐக்கிய ஜனதா தளத்துக்கும், 2012இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தேசியக் கட்சிக்காகச் சாதிக் கணக்கெடுப்பிலும் உழைத்தது. எஸ்.சி.எல். இந்தியாவின் இயக்குநர்களில் அலெக்சாண்டர் நிக்ஸும் அம்ரீஷ் தியாகியும் இருந்தனர். தியாகி, அப்போது ஐக்கிய ஜனதா தளத் தலைவர்களுள் ஒருவராக இருந்த கே.சி. தியாகியின் மகன், காசியாபாத்தின் ஓவ்லினோ நிறுவனம் அவருடையது. சர்ச்சை வெடித்தபோது பாரதிய ஜனதாவும் காங்கிரசும் ஒன்றையொன்று சாடின. ஓவ்லினோவின் இணையதளமோ இரண்டையும் தன் வாடிக்கையாளர் வரிசையில் வைத்திருந்தது! நமக்கு இதைவிடச் சுவையான காட்சி வாய்க்காது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். பிரெக்சிட் வாக்கெடுப்பில் விலகல் அணிக்கு உழைத்த கனடாவின் அக்ரிகேட் ஐ.க்யூ., எஸ்.சி.எல்லின் கிளையே என்றார் வைலி, நிறுவனம் மறுத்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா 2018 மே மாதம் கதவடைத்தது. அதற்கு முன்பே, 2017 ஆகஸ்டில், எமர்டேட்டா என்ற புதுப்பெயர் பிரிட்டனில் பதிவாகிவிட்டது. நிக்ஸ் சிறிது காலம் அதிலும் இயக்குநர்.

2021 ஜனவரியில் சி.பி.ஐ. பதிந்த வழக்கு, 5.62 லட்சம் இந்தியரின் முகநூல் விவரங்களைப் பற்றியது. வீடுவீடாக எழுதிய சாதிக் கணக்கு வேறு சங்கதி.