முறிந்ததைக் கூட்டும் கலை

சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டவருக்கு மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்ததும், "எப்போது எழுந்து நடப்பார்?" என்றே வீட்டார் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை தேடியோருள் நம் முன்னோரும் உளர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அரபியில் 'ஜப்ர்' என்பது முறிந்ததைக் கூட்டிச் சீராக்குதலைக் குறிக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மீ தம் கணித நூலின் பெயரில் இச்சொல்லை அமைத்தார். அதிலிருந்தே 'அல்ஜிப்ரா' பிறந்தது. ஸ்பானிய மொழியிலோ 'அல்ஹெப்ரிஸ்தா' என்னும் சொல் எலும்பு கட்டும் வைத்தியரைக் குறித்து நெடுங்காலம் வழங்கிற்று.

அந்த ஸ்பெயினில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 1013 அளவில் மறைந்த இப்பெரியார் 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலை இயற்றினார். இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதன் மூன்றாம் பாகம் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் உரியது. நூலறிவு சிறிதுமற்றோர் இக்கலையில் கைவைத்துக் கெடுப்பதை அவர் அங்கே கண்டிக்கின்றார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அப்பகுதியை ஐரோப்பா பல தலைமுறைகள் பயின்றது.

கட்டுவதில் அவசரம் கூடாது, வீக்கம் தணியச் சில நாள் பொறுத்தே தப்பை வைக்க வேண்டும் என்பது இப்னு ஸீனாவின் கருத்து. இறுகிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தசையை அழித்துவிடும் என்பதை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் விரிவாக விளக்கினார். இன்று நாம் காணும் மாவுக்கட்டை 1851இல் உருவாக்கியவர் டச்சு இராணுவ மருத்துவர் மத்தைசன்.

நம் ஃபிக்ஹு நூல்களும் நோயாளியை மறக்கவில்லை. உளூவின்போது கட்டைப் பிரிக்காமல் ஈரக்கையால் தடவிக்கொள்ள நான்கு மத்ஹபுகளும் இடமளிக்கின்றன. விவரங்களில் மட்டுமே வேறுபாடு உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது அமர்ந்தே தொழுதார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது.

கீழ்க்கால் எலும்பு முற்றும் கூடப் பெரியவர்களுக்கு மூன்று மாதத்திற்கு மேலும் ஆகலாம். அந்நாட்களில் 'ஸபர்' வேண்டும். ஆயினும் கட்டுக்குள் வலி பொறுக்கவொண்ணாது மிகுந்தாலோ, விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தாலோ, "பொறுத்துக்கொள்" என்று கூறுவது ஸபர் அன்று. அந்நேரமே மருத்துவரிடம் கொண்டுசெல்வது நம் கடமை. காலத்தே கட்டைத் தளர்த்தினால் ஒரு காலைக் காப்பாற்றலாம்.