தி

கியூபெக் தேவாலயப் பதிவேடுகளில் இரண்டு குடும்பப் பெயர்களுக்கு நடுவே நிற்கும் பிரெஞ்சுச் சொல். ‘உதோன் தி போலியூ’ என்றால் உதோன் என்கிற போலியூ. ‘சொல்’ எனப் பொருள்படும் ‘திர்’ என்ற வினையின் எச்சம் இது, மூலம் இலத்தீன். பெண்பாலில் ‘தித்’.

இவ்வழக்கு வேரூன்றப் படைவீரர்கள் பெரிதும் காரணம். 1665இல், கியூபெக் அடங்கிய பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ பிரான்ஸில் வந்திறங்கிய காரிஞான்-சாலியேர் படையணியினர் பலருக்குப் படைப்பெயர் இருந்தது: லாஃப்ளர் (பூ), சான்சூசி (கவலையற்றவன்), லாழ்னெஸ் (இளமை). அங்கேயே நிலம் பெற்றுக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் அது குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வம்சாவளி தேடுவோர் தடுமாறுவது இங்கேதான். ஞானஸ்நானத்தில் உதோன் என்றிருப்பவர் திருமணத்தில் போலியூ ஆகிவிடுவார். அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மறுபெயரையும் வைத்துக்கொள்வதும் உண்டு. லாஃப்ளர் என்ற பெயருடைய எல்லோரும் உறவினரும் அல்லர். நல்லவேளையாக, பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாயினர். கணவன் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் மனைவி பெயரைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தை அடையாளம் காணலாம். பாதிரியார் சிப்ரியன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதியிலும் இந்த இரட்டைப் பெயர்களைப் பார்க்கலாம்.