கருவி சொன்ன சாட்சியம்

இலங்கையின் வன்னிப் போர் 2009 மே 18இல் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. மூன்று மாதங்கள் கழித்து, ஓகஸ்ட் 25 அன்று, பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கட்டப்பட்டு நிர்வாணமாகக் கிடந்த ஆண்களைச் சீருடையினர் சுடும் காட்சி அது. படையினர் ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்தது என்று சொல்லப்பட்டது. இலங்கை அரசு தன் நிபுணர்களைக் கொண்டு கருவியின் மீதே கை வைத்தது: இது கைத்தொலைபேசிப் படமே இல்லை, வேறு கமராவில் எடுத்துப் பிறகு ஒலி சேர்த்தது என்றார்கள். அந்தத் தொலைபேசி எவர் கையிலும் இல்லாததால் இந்த வாதம் எளிதாக எடுபட்டது. அன்று கேள்விக்குள்ளானது படம் மட்டுமில்லை, கருவியை எதைக்கொண்டு நம்புவது என்பதும்தான். அதற்குக் கிடைத்த விடையை இன்று பலர் மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களின் முடிவை வெளியிட்டார். உடல்கள் விழுந்த விதத்தை டானியல் ஸ்பிட்ஸ் ஆராய்ந்தார். துப்பாக்கியின் பின்னுதைப்பு உண்மையான தோட்டாவுக்குப் பொருந்துகிறது என்றார் பீட்டர் டியாச்சுக். படத்தில் வெட்டும் ஒட்டும் இல்லை என்றார் ஜெஃப் ஸ்பிவாக். கோப்புக்குள் பதிந்திருந்த திகதியோ 2009 யூலை 17, அதாவது போர் முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பிந்தியது. இந்த முரணை அல்ஸ்டன் ஒளிக்கவில்லை. விளக்கம் கிடைக்காதவற்றுள் ஒன்றாக அறிக்கையிலேயே எழுதினார். கைத்தொலைபேசியின் கடிகாரம் வைத்தவர் வைத்த நேரத்தைக் காட்டும். கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளில் மிகப் பலவீனமானது திகதிதான். ஒன்றையொன்று சாராத மூன்று துறைகள் ஒரே பக்கம் சாய்ந்தது அதைவிடக் கனமானது. 2011இல், அல்ஸ்டனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த கிறிஸ்தோப் ஹெய்ன்ஸ், பின்னர் கிடைத்த நீண்ட வடிவத்தையும் ஆராயச் செய்து மெய்யென்றே அறிவித்தார்.

படம் எடுக்கும்போதே கருவி ஒரு ரகசியச் சாவியால் முத்திரை இட்டிருந்தால் இந்த இழுபறியே வந்திராது என்பார்கள். கனான் கமராக்களில் அப்படியொரு ஏற்பாடு அப்போதே இருந்தது. அல்ஸ்டன் அறிக்கை வந்த அதே 2010இன் இறுதியில், ரஷ்யாவின் எல்கொம்சொஃப்ட் நிறுவனம் கமராவுக்குள்ளிருந்தே சாவியை உருவியது. நிலவில் சோவியத் கொடி நடும் போலிப் படத்தைக் கனானின் சரிபார்ப்புக் கருவியே அசல் என்று ஒப்புக்கொண்டது! அடுத்த ஆண்டு நைக்கானுக்கும் அதே கதி. 2023இல் லைக்கா எம்11-பி புதிய முத்திரைமுறையுடன் வந்திருக்கிறது. அதன் பூட்டையும் யாராவது சோதித்துக்கொண்டேதான் இருப்பார்கள். இன்னொரு சிக்கலை முத்திரைக்காக வாதிடுவோர் பேசுவதில்லை. எந்தக் கருவியில் எடுத்தது என்று காட்டிக்கொடுக்கும் சாவி, காணொளியைக் கசியவிட்டவரையும் காட்டிக்கொடுக்கக்கூடும்.

உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம் இருக்கையில் இயந்திரச் சண்டை எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர்களைப் பக்கச்சார்பானவர்கள் என்று ஒதுக்கித் தள்ளியவர்களால், கொன்றவர் தரப்பே எடுத்த படத்தை அப்படித் தள்ள முடியவில்லை. அதனால்தான் கருவியைத் தாக்கினார்கள். வன்பொருள் பாதுகாப்பு ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டிய தேவை இங்கிருந்தே வருகிறது. கருவியைக் காலமும் தாக்கும்: மின்னேற்றாமல் பெட்டிக்குள் கிடக்கும் பழைய தொலைபேசியின் ஃபிளாஷ் நினைவகம் ஆண்டுகள் போகப்போகத் தன் மின்னூட்டத்தை இழக்கும். 2009இன் கருவிகளுக்கு அந்த வயது வந்துவிட்டது. அவற்றைப் பிரதி எடுத்து, பிரதியின் சரிபார்ப்பு எண்ணையும், எவர் கையிலிருந்து எவர் கைக்கு எப்போது போனது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பெர்க்லி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும் டிஜிட்டல் சான்றுகளுக்கு இதைத்தான் கேட்கிறது.