துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் குறி தப்புமா? சத்தத்தைத் தாண்டி மாறும் விஷயங்கள் என்னென்ன?

சினிமாவில் வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகுவார். 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் நிஜம் வேற.

அமெரிக்காவில் இந்த 'சப்ரஸர்' கருவிக்கு 1934 முதல் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். பதிவு செய்வது மட்டும் இன்னும் கட்டாயம். சரி, இதை ரைஃபிளில் மாட்டினால் என்ன ஆகும்?

சத்தம் எவ்வளவு குறையும்?

ரைஃபிள் சத்தம் சுமார் 160 டெசிபல். சப்ரஸருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள், சீறி வரும் வாயுவை மெல்ல வெளியேற்றும். இதனால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். காதுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஒலியை விட வேகமாகப் பாயும் குண்டு காற்றைக் கிழிக்கும் 'படார்' சத்தம் அப்படியேதான் இருக்கும்.

குறி மாறுமா?

மாறும். சுடும்போது குழல் அதிரும். அதன் முனையில் அரை கிலோ வரை எடை ஏறினால் அந்த அதிர்வே மாறிவிடும். 100 மீட்டரில் குண்டு சில சென்டிமீட்டர் தள்ளிப் படலாம். எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறுபடும். அதனால் சப்ரஸர் மாட்டிய பிறகு ஸ்கோப்பை மறுபடி சரிசெய்தே ஆகணும். இல்லைன்னா மான் சாகாமல் காயத்தோடு ஓடும்.

அப்போ துல்லியம் கெடுமா?

பெரும்பாலும் இல்லை. பின்னுதைப்பு குறைவதால் சுடுபவர் மிரள மாட்டார். குண்டுகள் நெருக்கமாக விழவும் வாய்ப்பு உண்டு. ஆனால் தொடர்ந்து சுட்டால் சப்ரஸர் கொதிக்கும். அதிலிருந்து எழும் கானல், ஸ்கோப்பில் இலக்கையே ஆட வைக்கும்.

சொந்தமாகத் தயாரிக்கும் தோட்டாக்கள்?

காலி உறையில் மருந்தும் குண்டும் பொருத்தித் தோட்டா தயாரிப்பதுதான் 'ஹேண்ட்லோடிங்'. வெறும் குழலுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த கலவை, சப்ரஸரோடு அதே மாதிரி வேலை செய்யும்னு சொல்ல முடியாது. மாட்டியபடியே சுட்டு மறுபடி சோதிக்கணும். செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் வாயு பின்னோக்கி வருவதால் போல்ட் வேகமாக இயங்கும், கரியும் அதிகம் படியும்.

ஒலியை விட மெதுவாகப் போகும் தோட்டாவில் ஆபத்து இன்னும் அதிகம். வேகம் குறைந்து குண்டு சரியாகச் சுழலாமல் தள்ளாடினால், உள்ளே தகட்டில் மோதி சப்ரஸரே உடையலாம். மரை கோணலாக இருந்தாலும் இதே கதிதான். அதனால்தான் தயாரிப்பாளர்கள் வெளியிடும் அளவுப் பட்டியலைத் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

மொத்தத்தில், சப்ரஸர் மாட்டிய ரைஃபிளைப் புது ரைஃபிளாகவே நினைத்து முதலிலிருந்து பழகுவதுதான் பாதுகாப்பு.