இனேஸைக் கொன்றது யார்?

போர்த்துக்கேயரை நாங்கள் பாடசாலையில் படித்த விதம் எல்லாருக்கும் தெரியும். 1505, கறுவா, கோட்டை, மதமாற்றம், தோம்பு. சோதினை முடிய எல்லாம் மறந்துபோகும்; மிஞ்சுவது பாணும் அலுமாரியும் சப்பாத்தும்தான். அவர்களுக்கும் ஊரில் ஒரு வீடு, அந்த வீட்டுக்குள் ஒரு சண்டை இருந்திருக்கும் என்று நாங்கள் யோசிச்சதே இல்லை. யோசிக்க வைத்தது லூயிஸ் டி கமொயிஸ் எழுதி 1572 இல் அச்சான 'ஊஸ் லூசியாதஸ்' காவியம். அதன் முதல் செய்யுளிலேயே தப்ரபேன் என்று எங்கட தீவின் பெயர் வருகிறது. அதைத் தேடிப் போன நாங்கள் மூன்றாம் காண்டத்தில் இனேஸ் டி காஸ்த்ரோவிடம் மாட்டிக்கொண்டோம்.

வழமையாகச் சொல்லப்படுகிற கதை இதுதான். இளவரசன் பெத்ரோ, மனைவியின் தோழியாக வந்த இனேஸைக் காதலிக்கிறான். அரசனான தகப்பன் அவளைக் கொல்விக்கிறான். மகன் அரசனானதும் பிணத்தைத் தோண்டி எடுத்து முடிசூட்டுகிறான். இதில் கடைசிப் பகுதி பிற்காலத்தில் ஒட்டவைத்தது. பெத்ரோவின் ஆட்சியை எழுதிய பெர்னாவோ லோப்பெஸ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் அந்தப் பிணத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்களுக்கு இருந்த கேள்வி வேற. தன் பேரப்பிள்ளைகளின் தாயைக் கொல்லுமளவுக்கு ஒரு கிழவனுக்கு என்ன வந்தது?

பதிலுக்கு ஒரு தலைமுறை பின்னுக்குப் போகவேணும். அந்தத் தகப்பன் நான்காம் அபொன்சோ, இளைஞனாக இருந்தபோது தன் தகப்பன் டினிஸ் அரசனுக்கு எதிராகவே 1319 முதல் 1324 வரை போர் செய்தவர். காரணம், அப்பா தன்னைவிட அபொன்சோ சான்செஸ் என்ற மற்றத் தாரத்து மகனில் பட்சமாக இருக்கிறார் என்ற எரிச்சல். 1325 இல் முடி கிடைத்ததும் முதல் வேலையாக அந்த அண்ணனின் சொத்தைப் பறித்து நாட்டைவிட்டுத் துரத்தினார். துரத்தப்பட்டவரின் கோட்டை எல்லைக்கு அப்பால் அல்புகெர்க்கேயில் இருந்தது. இனேஸ் வளர்ந்தது அந்த வீட்டில்தான், அபொன்சோ சான்செஸின் மனைவியிடம். மகன் காதலித்தது சும்மா ஒரு பெட்டையை இல்லை. தகப்பனின் சென்மப் பகையாளி வீட்டுப் பெட்டையை.

எங்கட ஊர்களில் கதியால் அரையடி தள்ளி நட்டதுக்காக ரெண்டு வீட்டுக்காரர் முப்பது வருசம் கதைக்காமல் இருப்பார்கள். அந்த வேலிக்கு மேலால பார்த்துச் சிரிச்ச பிள்ளைகளின் கதைகளும் எங்களுக்குத் தெரியும். இங்கே கதியாலுக்குப் பதில் ராச்சியம்.

இதற்குள் இன்னொருத்தி இருக்கிறாள், அவளை யாரும் பேசுவதில்லை. பெத்ரோவின் மனைவி கொன்ஸ்தான்சா. சிறுமியாக இருந்தபோதே காஸ்டீல் அரசன் பதினோராம் அல்பொன்சோவுக்கு 1325 இல் மணம்பேசப்பட்டு, அவனுக்கு வேறு சம்பந்தம் லாபமாகப் பட்டதும் ஒதுக்கப்பட்டு, தோரோ கோட்டையில் அடைக்கப்பட்டவள். அவன் அவளுக்குப் பதிலாகக் கட்டியது யாரை? நான்காம் அபொன்சோவின் மகள் மரியாவை. பிறகு மரியாவையும் விட்டு வேறொருத்தியோடு வாழ்ந்தான். அந்த அவமானத்துக்குப் பதிலடியாகத்தான் அபொன்சோ, கொன்ஸ்தான்சாவைத் தன் மகனுக்கு எடுத்தார். இரண்டு தகப்பன்மாரின் ரோசத்துக்கு நடந்த கலியாணம். அவளோடு வந்த தோழிதான் இனேஸ். கொன்ஸ்தான்சா இதில் என்ன பாவம் செய்தாள் என்று நாங்கள் எங்களுக்குள் கனநேரம் கதைத்தோம்.

1344 இல் அபொன்சோ இனேஸை மீண்டும் அல்புகெர்க்கேக்கே அனுப்பினார். பலனில்லை. கொன்ஸ்தான்சா இறந்தபின் பெத்ரோ அவளைக் கூட்டிவந்து வாழ்ந்தான், பிள்ளைகள் நால்வர். இனேஸின் சகோதரர்கள் சும்மா இருக்கவில்லை. காஸ்டீல் முடிக்கே உரிமை கோரு என்று 1354 அளவில் பெத்ரோவைத் தூண்டினார்கள். கிழவருக்குப் பழைய பேய் திரும்ப வந்தது: முறைப்படி பிறந்த பேரனை மற்றத் தாரத்துப் பிள்ளைகள் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். 1355 சனவரி 7, பெத்ரோ வீட்டில் இல்லாத நேரம், கொயிம்ப்ராவில் சாந்தா கிளாரா மடத்துக்குப் பக்கத்தில் இனேஸ் கொல்லப்பட்டாள்.

பெத்ரோ தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டினான், அந்தத் தகப்பன் தன் தகப்பனுக்குச் செய்த மாதிரியே. தாய் பேயாத்ரிஸ் இடையில் நின்று சமாதானம் செய்துவைத்தாள். கொலையாளிகளை மன்னிப்பதாகப் பெத்ரோ சத்தியம் பண்ணினான். 1357 இல் முடி கிடைத்ததும் சத்தியம் காற்றில் போனது. கொலையாளிகள் காஸ்டீலுக்கு ஓடியிருந்தார்கள். அங்கே அரசனாக இருந்தவன் மரியாவின் மகன். மாமனும் மருமகனும் பேரம் பேசி, தங்களிடம் தஞ்சம் கேட்டு வந்தவர்களை ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். இருவரின் உடலைப் பிளந்து இருதயத்தை எடுத்தான் பெத்ரோ, மூன்றாமவன் தப்பிவிட்டான். இதைக் காதலின் உச்சம் என்று எழுதுகிறவர்களோடு எங்களால் ஒத்துப்போக முடியவில்லை. பெத்ரோவால் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்தக் காஸ்டீல் அகதிகளுக்கும் இனேஸின் சாவுக்கும் என்ன சம்பந்தம்?

இனேஸைத் தான் ரகசியமாக மணம் முடித்திருந்ததாக 1360 இல் அறிவித்தான். அல்கொபாசா மடத்தில் இரண்டு கல்லறைகளும் இன்றைக்கும் கால்மாட்டோடு கால்மாடாக இருக்கின்றன, எழும்பும்போது முதலில் ஒருவரையொருவர் பார்க்கவேணும் என்பதற்காக என்று சொல்வார்கள். இனேஸின் கல்லறையைத் தாங்குவது மனித முகம் கொண்ட மிருகங்கள். அவை கொலையாளிகளின் முகங்கள் என்பது ஊர்க்கதை.

பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? இனேஸின் மகன் ஜொவாவோ, அரசியாக இருந்த லெயோனோர் தெலெஸ் காட்டிய பதவி ஆசையில் தன் மனைவி மரியா தெலெஸைக் குத்திக் கொன்றான். மரியா, அந்த அரசியின் சொந்தச் சகோதரி. இடம், அதே கொயிம்ப்ரா. வாசித்தபோது எங்களில் ஒருத்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

1385 இல், அதுவும் கொயிம்ப்ராவில், வெறுமையான சிம்மாசனத்துக்கு ஆள் தேடிச் சபை கூடியது. பெத்ரோ சொன்ன ரகசியக் கலியாணத்துக்கு ஆதாரம் இல்லை, இனேஸின் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை என்று ஜொவாவோ தாஸ் ரெக்ராஸ் என்ற சட்டவாதி வாதாடினார். முடி போனது, இனேஸ் இறந்தபின் பெத்ரோவுக்கு இன்னொரு பெண்ணிடம் பிறந்த மகனுக்கு. அவருடைய கொள்ளுப்பேரன் மானுவேல். 1505 இல் எங்கட கரையில் ஒதுங்கிய கப்பல்கள் அந்த மானுவேலின் கொடியோடு வந்தவை.